கம்பெனிக்குக் கொடுத்த பிள்ளைகள்

1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் கம்பெனி தொடங்கியது. வாத்தியார் சங்கரதாஸ் சுவாமிகள். நடிகர்கள் அத்தனை பேரும் பையன்கள். அதில் சேர்ந்தவர்களில் டி.கே. சண்முகம் ஒருவர். அவருடைய அண்ணன்மார் சங்கரன், முத்துசாமி இருவரும் அதே கம்பெனியில் இருந்தார்கள். அப்பா கண்ணுசாமிப் பிள்ளை ஏற்கெனவே ஸ்திரீ பார்ட் போட்டுக்கொண்டிருந்த நடிகர். சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு.

தமிழ் நாடக வரலாறு எழுதுகிறவர்கள் 1918 என்ற வருடத்தை விடாமல் சொல்வார்கள். அந்த ஆறு வயதை ஒரு வரியில் கடந்துபோய்விடுவார்கள். நான் அந்த வயதிலேயே கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்தது. காரணம் நாடக ஆர்வமில்லை. என் பெரியம்மா மகள், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், சபாக்கில் இருக்கிறார். அவருடைய மகளுக்கு எட்டு வயது. தீபாவளிக்கு முன்பு ஒரு துணிக்கடை விளம்பரத்துக்காகத் தெரிந்தவர் ஒருவர் அவளைப் படம் எடுத்தார். படம் நன்றாக வந்தது. இரண்டு வாரத்தில் கிள்ளானில் இருக்கும் ஒரு மாடலிங் ஏஜென்சி கூப்பிட்டது. நான்கு பக்கப் படிவம், பதிவுக் கட்டணம், 'போர்ட்போலியோ' எடுக்கத் தனிக் கட்டணம். அக்கா அதை அப்படியே வாட்சாப்பில் எனக்கு அனுப்பினார். "நீதான் யுனிவர்சிட்டி போய்ப் படிச்சவன். படிச்சுப் பார்த்துச் சொல்லுடா, போடலாமா வேணாமா?"

நான் படித்தது பொறியியல். ஒப்பந்தத்தில் இருக்கிற ஓட்டையைப் பார்க்க அது ஓரளவு உதவும். பிள்ளையைப் போடலாமா என்று சொல்ல உதவாது. ஆனால் இந்தக் கேள்வியை அக்கா முதல் ஆளாகக் கேட்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. நூறு வருடமாகத் தமிழ்க் குடும்பங்கள் இதைக் கேட்டுப் பதிலும் சொல்லியிருக்கின்றன. அந்தப் பதில்கள் எப்படி முடிந்தன என்று பார்க்கலாம் என்று தோன்றியது.

சோறு, பாட்டு, மகரக்கட்டு

பெரிய நடிகர்களை வைத்துக் கம்பெனி நடத்துவது அந்தக் காலத்தில் தலைவலி பிடித்த வேலை. நேரத்துக்கு வரமாட்டார்கள், மேடையில் பாடத்தை விட்டுவிட்டு இஷ்டத்துக்குப் பாடுவார்கள், பாதியில் இன்னொரு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். பையன்கள் அப்படியில்லை. சொன்னதை மனப்பாடம் செய்வார்கள், கம்பெனி வீட்டிலேயே தங்குவார்கள், சம்பளமும் குறைவு. பாய்ஸ் கம்பெனிகள் பெருகியதற்குக் கலையும் காரணம், கணக்கும் காரணம்.

கொடுத்த பெற்றோரின் பக்கம் ஒரே காரணம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. வீட்டில் சோறில்லை. எம்.ஜி.ஆர். 1917இல் கண்டியில் பிறந்தவர். அப்பா இறந்த பிறகு தாயார் சத்தியபாமா இரண்டு பையன்களோடு கும்பகோணத்துக்கு வந்து சேர்ந்தார். சக்கரபாணியும் ராமச்சந்திரனும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனார்கள். ராமச்சந்திரனுக்கு ஏழு வயதளவில் இருக்கும். எம்.என். நம்பியார் நவாப் ராஜமாணிக்கம் கம்பெனிக்குச் சிறுவனாகப் போனவர். மூன்று ரூபாய் சம்பளத்தில் ஒரு ரூபாயைத் தனக்கு வைத்துக்கொண்டு இரண்டு ரூபாயை அம்மாவுக்கு அனுப்புவார் என்று சொல்வார்கள். மூன்றில் இரண்டு பங்கு வீட்டுக்கு.

சிவாஜி கணேசனின் கதை வேறு மாதிரி. அவரை யாரும் கொடுக்கவில்லை, அவரே போனார். திருச்சியில் கட்டபொம்மன் நாடகம் பார்த்து ஆசைப்பட்டு, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் தனக்கு அப்பா அம்மா இல்லை என்று பொய் சொல்லிச் சேர்ந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கும் ஏழு வயதுதான். இதை எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்கிறோம், பையனுக்கு நடிப்பு ஆசை பாருங்கள் என்று. எனக்கு வேறொன்று உறுத்துகிறது. அப்பா அம்மா இல்லை என்று சொன்னால் சேர்த்துக்கொள்வார்கள் என்பது ஒரு ஏழு வயதுப் பையனுக்கு எப்படித் தெரிந்தது? கேட்க ஆள் இல்லாத பிள்ளை கம்பெனிக்கு வசதி என்பது தெருவில் விளையாடும் பையனுக்குக்கூடப் புரிகிற அளவுக்கு ஊரறிந்த விஷயமாக இருந்திருக்க வேண்டும்.

ஆனாலும் கம்பெனிகளை வெறும் கொடுமைக்கூடம் என்று தள்ளிவிட முடியாது. அங்கே பையன்களுக்கு ஒரு தொழில் கிடைத்தது. பாட்டு, தாளம், வசனம், நல்ல தமிழ், ஆயிரம் பேருக்கு முன்னால் நிற்கிற தைரியம். சண்முகத்துக்காகவே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகத்தில் நிலைத்த செய்தி. ஒரு பெரிய புலவர் ஒரு சின்னப் பையனின் குரலையும் நினைவாற்றலையும் நம்பி ஒரு நாடகத்தையே எழுதுகிறார். சண்முகம் அன்று கற்றது கடைசிவரைக்கும் அவரோடு இருந்தது.

எல்லாருக்கும் அப்படி நடக்கவில்லை. நாடகக்காரர்களிடம் ஒரு சொல் உண்டு: மகரக்கட்டு. பையனுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடைவதை அப்படிச் சொல்வார்கள். நேற்றுவரை வள்ளியாகவும் சீதையாகவும் பாடியவன் இன்று வாயைத் திறந்தால் தகரத்தில் கல் விழுந்த மாதிரி இருக்கும். பாட்டுதான் நாடகம் என்றிருந்த காலத்தில் அது கிட்டத்தட்ட வேலை நீக்கம். சிலர் சின்ன வேடத்துக்கும் எடுபிடி வேலைக்கும் இறங்கினார்கள். சிலர் ஊருக்குத் திரும்பினார்கள், படிப்பும் இல்லாமல், வேறு தொழிலும் இல்லாமல். எஸ்.ஜி. கிட்டப்பாவின் பெயர் நமக்குத் தெரிகிறது. சின்ன வயதில் மேடை ஏறி, பெரியவரான பிறகும் அதே உச்சத்தில் பாடி, 1933இல் 27 வயதில் இறந்துபோனவர். அவருக்குக் குரல் நின்றது. நிற்காதவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. எம்.ஜி.ஆர்., சிவாஜி, நம்பியார் என்று ஜெயித்தவர்களைக் காட்டி "பாரு, சின்ன வயசுலயே போனாங்க, எங்க வந்து நின்னாங்க" என்று சொல்கிறவர்கள் இந்தப் பெயரில்லாதவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பொறியியலில் இதை முதல் வருடமே சொல்லித்தருவார்கள்: உடையாமல் மிஞ்சிய துண்டை மட்டும் சோதித்துவிட்டு இரும்பு நல்ல இரும்பு என்று எழுதக்கூடாது.

ஒட்டுப்பால் பொறுக்கிய பிள்ளைகள்

அதே வருடங்களில் சிலாங்கூரின் இந்தக் கரையில் நம் பிள்ளைகள் வேறொரு கம்பெனியில் இருந்தார்கள். கோலசிலாங்கூரிலிருந்து சபாக் வரைக்கும் ரப்பர், தென்னை, பிறகு செம்பனை. கோலசிலாங்கூர்ப் பக்கம் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டார். பின்னால் மலாயா வாழ்க்கையை நாவலாக எழுதி 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசு வாங்கியவர். அவருடைய தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலும் குடும்பமாக வந்த சனம் குடும்பமாகவே வேலை செய்தது.

1923ஆம் வருடத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு ஒரு தோட்டத்தில் 7 முதல் 14 வயது வரையில் ஒரே இனத்தைச் சேர்ந்த பத்துப் பிள்ளைகள் இருந்தால் அங்கே பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. நம்முடைய தோட்டத் தமிழ்ப்பள்ளிகளுக்கு அது ஒரு வேர். ஆனால் 1920களின் கடைசியில் அளவுச் சம்பளம் நிர்ணயித்தபோது ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு, பிள்ளைக்கு அதற்கும் கீழே ஒரு கணக்கு என்று வைத்தார்கள். பள்ளிக்கூடமும் உண்டு, பிள்ளைக்குச் சம்பளமும் உண்டு. இரண்டில் எது என்று பிள்ளை தீர்மானிக்கவில்லை.

என் பாட்டி சபாக் பக்கத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவர். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிற அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய் மங்கு துடைத்து ஒட்டுப்பால் பொறுக்குவாராம். எத்தனை வயசில் என்று கேட்டால் "வயசெல்லாம் யாருக்குத் தெரியும், வாளி தூக்குற வயசு" என்பார். அவர் பொறுக்கியது அவர் கணக்கில் ஏறவில்லை, அம்மாவின் எடையோடு சேர்ந்தது. பாட்டிக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வீடென்றால் அப்படித்தான். அதே பாட்டிதான் தன் பெரியப்பா மகன் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் வள்ளியாக நடித்ததையும் சொல்வார். பவுடர் போட்டு, சேலை கட்டி, மேடையில் பாடினால் கிராணி வீட்டம்மாகூட எட்டிப் பார்ப்பாராம். ஒரு வருடத்தில் ஒரே ஒரு இரவு. மறுநாள் காலையில் அவரும் வாளியோடு வெளிக்காட்டுக்குத்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிள்ளையின் முகத்துக்கு யாரோ காசு கொடுக்கிறார்கள் என்றதும் நம் வீடுகளில் எழுகிற பரவசத்துக்கு இங்கே ஒரு வரலாறு இருக்கிறது. மூன்று தலைமுறை பிள்ளைகள் உழைத்த வீடு, யாரும் திரும்பிப் பார்க்காத வீடு. அதில் ஒரு பிள்ளையை உட்காரவைத்து விளக்குப் போட்டுப் படம் எடுக்கிறார்கள். அக்காவுக்குக் கண் கலங்கியது எனக்குப் புரிகிறது. அதைப் பேராசை என்று சொல்ல மாட்டேன்.

குரலிலிருந்து முகத்துக்கு

சினிமா வந்ததும் கணக்கு மாறியது. 1937இல் கே. சுப்பிரமணியம் எடுத்த 'பாலயோகினி'யில் நடித்த பேபி சரோஜாவுக்கு அப்போது ஐந்தாறு வயது. இந்தியாவின் ஷெர்லி டெம்பிள் என்றார்கள். அந்தக் காலத்தில் பிறந்த பெண் பிள்ளைகளுக்குச் சரோஜா என்று பெயர் வைப்பது ஒரு அலையாகவே போனது. இயக்குநர் அவளுக்குப் பெரியப்பா சித்தப்பா முறை, சொந்த வீட்டுக்குள்ளேயே நடந்த விஷயம். அந்த மாதிரி கவனிக்க ஆள் இருந்த பிள்ளைகள் குறைவு.

மேடைக்குக் குரல் வேண்டும். கறுப்பாக இருந்தாலும் கட்டை குட்டையாக இருந்தாலும் நான்கு கட்டையில் பாடினால் ராஜபார்ட். கேமராவுக்கு முதலில் முகம் வேண்டும். மாடலிங்குக்கு முகம் மட்டும் போதும். நாடகக் கம்பெனி பையனிடம் இருந்ததை வளர்த்தது. விளம்பரம் பிள்ளையிடம் இருப்பதை எடுத்துக்கொள்கிறது. குரல் உடைவதற்காவது மகரக்கட்டு என்று ஒரு பெயர் இருந்தது, எல்லாரும் எதிர்பார்த்தார்கள். பால் பல் விழுந்து, கன்னம் வற்றி, பரு வந்து முகம் மாறுவதற்கு ஒரு பெயர்கூட இல்லை. கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான். ஏன் கூப்பிடவில்லை என்று பத்து வயதுப் பிள்ளை தனக்குத்தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்ளும்.

கமல்ஹாசனின் பாதை இந்த இடத்தில் கவனிக்கத்தக்கது. 1960இல் 'களத்தூர் கண்ணம்மா'வில் நடித்தபோது ஆறு வயது முடியவில்லை. இன்னும் சில படங்கள். பிறகு குழந்தையும் இல்லை, வாலிபனும் இல்லை என்ற வயது வந்தது. அப்போது அவர் போய்ச் சேர்ந்த இடம் டி.கே. சண்முகத்தின் நாடகக் குழு. தன் ஆறாவது வயதில் கம்பெனிக்குப் போனவர், முகம் மாறிக்கொண்டிருந்த ஒரு பையனுக்கு மேடைத் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். கேமரா கைவிட்ட இடைவெளியில் ஒரு பட்டறை கிடைத்தது. கிடைக்காதவர்கள் எத்தனை பேர்?

வெளிநாட்டிலும் இதே கேள்விதான், ஆனால் அங்கே அது நீதிமன்றத்துக்குப் போனது. சாப்ளினின் 'தி கிட்' 1921இல் வந்தது. அதில் நடித்த ஜாக்கி கூகன் உலகத்தின் முதல் பெரிய குழந்தை நட்சத்திரம். லட்சக்கணக்கான டாலர் சம்பாதித்தான். 21 வயதானதும் தன் பணம் எங்கே என்று கேட்டான். அன்றைய கலிபோர்னியா சட்டப்படி பிள்ளை சம்பாதித்தது பெற்றோருக்கே சொந்தம். 1938இல் தாய் மீதும் மாற்றாந் தந்தை மீதும் வழக்குப் போட்டு, கடைசியில் சுமார் 1,26,000 டாலர்தான் கையில் கிடைத்தது. அடுத்த வருடமே, 1939இல், குழந்தை நடிகரின் வருமானத்தில் ஒரு பகுதியைத் தனியாக ஒதுக்கிவைக்கும் சட்டம் வந்தது. அதற்கு இன்றும் கூகன் சட்டம் என்றே பெயர். அந்தச் சட்டத்தால் கூகனுக்கு ஒரு டாலர்கூடத் திரும்ப வரவில்லை.

இன்னொரு வழக்கு மாடலிங்குக்கு இன்னும் நெருக்கமானது. நடிகை புரூக் ஷீல்ட்ஸ் கைக்குழந்தையாக இருந்தபோதே சோப்பு விளம்பரத்தில் தொடங்கியவர். பத்து வயதில் ஒரு புகைப்படக்காரர் அவரை எடுத்த படங்கள், எந்தப் பிள்ளையையும் அப்படி எடுத்திருக்கவே கூடாதவை. தாய் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். வளர்ந்த பிறகு மகள் அந்தப் படங்களை இனி யாரும் பயன்படுத்தக்கூடாது என்று நீதிமன்றம் போனார். 1983இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம், தாய் போட்ட கையெழுத்தை மகள் ரத்து செய்ய முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. நான்குக்கு மூன்று என்ற கணக்கில். அந்த மாநிலத்தில் விளம்பரப் படத்துக்கும் மேடை நடைக்கும் போகிற சிறு வயது மாடல்களைக் குழந்தைக் கலைஞர் சட்டத்துக்குள் கொண்டுவர 2013 ஆகிவிட்டது.

அக்கா அனுப்பிய படிவத்தின் மூன்றாம் பக்கத்தில், எடுக்கப்படும் படங்களை 'எந்த ஊடகத்திலும் எந்தக் காலத்துக்கும்' பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருந்தது. கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

சட்டம் எங்கே நிற்கிறது

இந்தியாவில் 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி 14 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளை எந்த வேலையிலும் வைக்கக்கூடாது என்றார்கள். விதிவிலக்கு இரண்டு: குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்கு வெளியே உதவுவது, சினிமா விளம்பரம் போன்ற துறைகளில் கலைஞராக நடிப்பது. நாடகக் கம்பெனியின் வாரிசுகளுக்குச் சட்டத்திலேயே இடம் விட்டிருக்கிறார்கள். ஆனால் 2017இல் வந்த விதிகள் சும்மா விடவில்லை. ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வங்கியில் வைப்புத்தொகையாகப் போக வேண்டும். நம்பியார் தனக்கென்று வைத்துக்கொண்ட ஒரு ரூபாய் மூன்றில் ஒரு பங்கு. சட்டம் கேட்பது ஐந்தில் ஒரு பங்குதான்.

மலேசியாவில் 1966ஆம் வருடச் சிறுவர் இளையோர் வேலைவாய்ப்புச் சட்டம் இருக்கிறது. அதிலும் பொதுக் கேளிக்கைக்கு இடம் உண்டு, ஆனால் உரிமம் வாங்க வேண்டும். பள்ளிக்குப் போகிற பிள்ளையென்றால் பள்ளி நேரமும் வேலை நேரமும் சேர்ந்து ஒரு நாளைக்கு 7 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. இதைப் போட்டுப் பாருங்கள். தமிழ்ப்பள்ளியில் காலை ஏழரைக்கு மணி அடித்தால் விடுவதற்குள்ளேயே ஐந்தரை, ஆறு மணி நேரம் ஓடிவிடும். மிச்சம் ஒரு மணி சொச்சம். சபாக்கிலிருந்து கிள்ளானுக்கு ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில், சுங்கை பெசார், செகிஞ்சான், தஞ்சோங் காராங் என்று ஒவ்வொரு விளக்காக நின்று போனால் இரண்டு மணி நேரம். திரும்பி வர இன்னொரு இரண்டு. அந்த நான்கு மணி நேரம் எந்தச் சட்டத்தின் கணக்கிலும் வராது. காரின் பின் சீட்டில் தூங்குகிற பிள்ளையின் கழுத்து மட்டும்தான் அதைக் கணக்கு வைத்துக்கொள்ளும்.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு விஷயமும் உண்டு. வேலை ஒப்பந்தம் செய்துகொள்ளும் தகுதியைப் பிள்ளைக்கே கொடுக்கிறது. தன் பெயரிலேயே வழக்குப் போடலாம். ஒப்பந்தத்தை மீறினாய் என்று பிள்ளையிடம் யாரும் நஷ்டஈடு கேட்க முடியாது. வேண்டாம் என்று நடுவில் நின்றுவிடும் உரிமை அந்தப் பிள்ளைக்கு இருக்கிறது. நாடகக் கம்பெனிப் பையன்களுக்கு இல்லாதது அது. ஆனால் பணத்தை ஒதுக்கிவைக்கச் சொல்லும் கூகன் விதி இங்கே இல்லை. பிள்ளையின் சம்பளம் அப்பா அம்மா கணக்குக்குத்தான் போகும். பாட்டி பொறுக்கிய ஒட்டுப்பால் அம்மாவின் எடையில் ஏறிய மாதிரி.

அக்காவுக்குச் சொன்னது

நான் போடாதே என்று சொல்லவில்லை. மூன்று விஷயம் கேட்டேன். பிள்ளைக்கு வேலை வாங்கித் தருகிறவர்கள் பிள்ளையிடமே முன்பணம் ஏன் கேட்கிறார்கள்? எந்தக் காலத்து நாடகக் கம்பெனியும் பையனைச் சேர்க்க அப்பாவிடம் காசு வாங்கியதாக நான் படித்ததில்லை, காசு எதிர்ப் பக்கம்தான் போயிருக்கிறது. இரண்டாவது, சம்பளம் யார் பெயரில்? மூன்றாவது, அவள் வேணாம் என்றால் அன்றைக்கே நிறுத்த முடியுமா?

அக்காவுக்கு முதல் கேள்வியில் கோபம் வந்தது. "உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்தான். நம்ம புள்ளைக்கு ஒரு சான்ஸ் வந்தா உங்களுக்கெல்லாம் பொறுக்காது." ஒரு வாரம் பேசவில்லை. மாமாதான் பிறகு கூப்பிட்டார். அவருக்கு வேறு கவலை. துணிக்கடைப் படத்திலேயே பிள்ளையின் நிறத்தை இரண்டு படி வெளுப்பாக்கியிருக்கிறார்கள். அவள் அதைப் பார்த்துவிட்டு "இது நானாப்பா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் "லைட்டு அப்படிமா" என்று சமாளித்திருக்கிறார்.

நாங்கள் இரண்டு பேரும் அதற்குப் பிறகு ஏஜென்சியைப் பற்றிப் பேசவில்லை, நிறத்தைப் பற்றித்தான் பேசினோம். 1975இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த வெளுப்புக் களிம்பு ஒன்று, 2020இல்தான் தன் பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்தது. 2017இல் இங்கே ஒரு கடைத்தொடரின் நோன்புப் பெருநாள் விளம்பரத்தில் ஒரு பெண்ணுக்குக் கறுப்புச் சாயம் பூசி, அதைக் கழுவினால்தான் அழகு என்று கதை சொன்னார்கள். எதிர்ப்பு வந்ததும் மன்னிப்புக் கேட்டார்கள். சபாக் வெயிலில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பிள்ளை இந்தச் சந்தைக்குள் போகும்போது அதன் அளவுகோல் இதுதான். பாட்டி வாளி தூக்கியபோது யாரும் அவரிடம் உன் தோல் சரியில்லை என்று சொல்லவில்லை. பாலின் எடையைத்தான் பார்த்தார்கள். எட்டு வயதில் ஒரு பிள்ளையின் தோலுக்கு எடை போடுகிற வேலை இது. கூலி அதிகமாக இருக்கலாம். கேள்வி பட்டதும் அக்காவே அமைதியானார். "அதை நான் யோசிக்கல," என்றார். அவர் யோசித்தது வேறு: தான் பள்ளியில் நடன நிகழ்ச்சிக்குக் கடைசி வரிசையில் நிறுத்தப்பட்டதை.

ஏஜென்சிக்குப் பணம் கட்டவில்லை. ஆனால் கதவை அடைக்கவும் இல்லை. டிசம்பர் பள்ளி விடுமுறையில் வேறு ஒருவர் மூலமாக ஒரு பள்ளிப்பை விளம்பரத்துக்கு ஒரு நாள் போனாள். படிவத்தில் 'எந்தக் காலத்துக்கும்' என்ற இடத்தை அடித்து ஒரு வருடம் என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டார்கள். நிறத்தை மாற்றக்கூடாது என்று ஒரு வரி சேர்த்தார்கள். எழுதிக் கேட்டால் ஒப்புக்கொள்கிறார்கள் என்பது எங்களுக்கே ஆச்சரியம். பணம் அவள் பெயரில் திறந்த பி.எஸ்.என். கணக்குக்குப் போனது, அதிலிருந்து ஒரு பகுதியில் அவள் கேட்ட சைக்கிள் வாங்கினார்கள். இனி போவாயா என்று கேட்டால் "போவேன், ஆனா ரொம்ப நேரம் சிரிக்கச் சொல்றாங்க, கன்னம் வலிக்குது" என்கிறாள். அடுத்த தடவை அவளிடம் கேட்டுத்தான் முடிவு.

இது ஒரு வீட்டு ஏற்பாடு. எல்லா வீட்டிலும் படிவம் படிக்கிற ஒருவர் இருக்கமாட்டார். 2003இலிருந்து இந்த நாட்டில் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும் என்பதை அப்பா அம்மாவின் நல்ல மனசுக்கு விட்டுவிடவில்லை. அதே மாதிரி பிள்ளையின் சம்பளத்தில் ஒரு பகுதி பிள்ளையின் பெயரில் போக வேண்டும் என்று 1966 சட்டத்தில் ஒரு வரி சேர்ப்பது கஷ்டமான வேலையில்லை. கலிபோர்னியா 1939இலும் இந்தியா 2017இலும் செய்ததைத்தான் நாமும் செய்யப்போகிறோம். 2020இல் பிரான்ஸ் இணையக் காணொளிகளில் நடிக்கும் பிள்ளைகளுக்கும் இதை நீட்டித்தது. நம் ஊரில் அம்மாக்களின் டிக்டோக்கில் நாள் முழுவதும் ஆடுகிற பிள்ளைகளை நினைத்தால் அதுவும் இங்கே சீக்கிரம் தேவைப்படும்.

1925இல் டி.கே.எஸ். சகோதரர்கள் சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கினார்கள். சண்முகத்துக்கு அப்போது பதின்மூன்று வயது, கிட்டத்தட்ட மகரக்கட்டு வயது. ஏழு வருடம் அடுத்தவர் கணக்கில் உழைத்த பையன்கள், குரல் போகிற நேரத்தில் கணக்குப் புத்தகத்தைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு நான்கு பேர் இருந்தார்கள், தொழில் தெரிந்த அப்பாவின் வீடு இருந்தது. ஒட்டுப்பால் பொறுக்கிய பிள்ளைகளுக்கும், பெயர் தெரியாமல் ஊர் திரும்பிய பையன்களுக்கும் அது இல்லை. இன்று கிள்ளானில் விளக்குக்கு முன்னால் கன்னம் வலிக்கச் சிரிக்கிற பிள்ளைகளுக்கு அதைச் சட்டம்தான் கொடுக்க வேண்டும்.